பிடிபட்ட கப்பலும் ஹார்டுவேர் கடை அக்காவும்

அந்தச் சிவப்பு அம்பை நான் முதன்முதலில் பார்த்தது உத்திரமேரூர் கடைவீதியில், ஒரு ஹார்டுவேர் கடையின் கல்லாவுக்கு உள்பக்கம் நின்றுகொண்டு. அக்கா தன் கைப்பேசியை என் பக்கம் திருப்பிக் காட்டினார். திரை முழுக்க நீலம். அதில் எறும்பு மொய்த்ததுபோல் பச்சையும் சிவப்புமாகக் குட்டி அம்புகள். இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கி, ஒன்றின்மேல் நகத்தை வைத்து, "இதான் நம்ம கப்பலு. எண்ணெக் கப்பலுக்கெல்லாம் செவப்பு. மூக்கு எந்தப் பக்கம் கீதோ அந்தப் பக்கம் போய்க்கினு கீதுன்னு அர்த்தம்" என்றார். வெகுநேரம் பார்த்தேன். அம்பு அசையவில்லை. "நகரவே இல்லியே அக்கா" என்றேன். "கடலு அம்மாம் பெருசு. நீ போயி சாப்ட்டு வந்து பாரு, நகந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு, காத்திருந்த பெயிண்டருக்குத் தின்னர் எடுத்துக் கொடுக்கத் திரும்பினார். அந்த அம்புக்குள் அவருடைய கணவரும் என் கணவரும் இருந்தார்கள்.

அக்கா என்று அழைத்தேனே தவிர அவர் எனக்குச் சொந்தமில்லை. பல காலமாக உத்திரமேரூரில் வியாபாரம் செய்துவரும் முஸ்லிம் குடும்பத்தின் மருமகள். நான் திருமுக்கூடலில் ஒரு விவசாயக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். உத்திரமேரூரைத் தாண்டி ஒரு கிராமத்துத் தொடக்கப்பள்ளியில் ஆசிரியை. என் கணவர் ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் வெல்டராக இருந்தார். ஒப்பந்தம் முடிந்து வீட்டுக்கு அனுப்பிவிட்ட பிறகு ஊரிலேயே கேட்டும் ஜன்னல் கிரிலும் செய்துகொண்டிருந்தார். ராடு வாங்க அந்தக் கடைக்குத்தான் போவார். அக்காவின் கணவரை ஊரே பாய் என்று அழைக்கும். நாங்களும் அப்படித்தான். குடும்பத்தில் எல்லோரும் கடையில் உட்கார்ந்தபோது அவர் ஒருவர் மட்டும் படித்துவிட்டுக் கடலுக்குப் போனவர். எண்ணெய்க் கப்பல்களில் செகண்ட் இன்ஜினியர். விடுப்பில் வந்திருந்தவர் கடைக்குப் பின்னால் உடைந்து கிடந்த ஷட்டரை என் கணவர் பற்றவைத்ததைப் பார்த்திருக்கிறார். "கப்பல்ல ஃபிட்டர் வேல கீது. வரியா தம்பி?" என்று கேட்டிருக்கிறார்.

எனக்குச் சம்மதமில்லை. பாலாற்றில் வெள்ளம் வந்தாலே பாலத்தைத் தாண்ட யோசிக்கிற குடும்பம் எங்களுடையது. மகள் அப்போது ஒன்றாம் வகுப்பு. மாமனார் மாமியார் இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இவரும் போய்விட்டால் அந்த வீட்டில் நானும் மகளும்தான். என் தயக்கத்தைக் கேள்விப்பட்டு அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ பிடித்துத் திருமுக்கூடலுக்கே வந்துவிட்டார். முன்பின் பார்த்ததில்லை. வந்தவர் சமையலறை வரைக்கும் நடந்து வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "எங்க வூட்டுக்காரரு கூட கீறப்ப உனக்கு இன்னா பயம்? தம்பி எங்க பொறுப்பு. நான் சொல்றேன், போதுமா?" என்றார். அந்தக் குரலில் இருந்த உறுதி எனக்குப் பிடித்துப்போனது. நான் தலையாட்டினேன். சென்னையில் பயிற்சிகள் முடித்து, அடுத்த மழைக்காலத்துக்குள் என் கணவர் கப்பல் ஏறினார்.

அதற்குப் பிறகு பள்ளி விட்டதும் உத்திரமேரூரில் இறங்கி, திருமுக்கூடல் பேருந்து வரும்வரை அக்காவின் கடையில் இருப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. அம்பு இன்றைக்கு எங்கே என்று பார்ப்போம். எங்களுக்குப் பெயர் தெரியாத கடல்கள், வாயில் நுழையாத துறைமுகங்கள். அக்கா அவற்றைத் தெருப் பெயர்போலச் சொல்வார். ஒருநாள் மத்தியானம் அம்பு காணாமல் போனது. அக்கா கைப்பேசியை அணைத்துப் போட்டுப் பார்த்தார். இல்லை. "டவர் இல்லாத எடமா இருக்கும்" என்றார். ஆனால் குரலில் பழைய உறுதி இல்லை. சில நாட்கள் கழித்து அம்பு திரும்ப வந்தது, முற்றிலும் வேறொரு கடலில், ஒன்றுமே நடக்காததுபோல.

இன்னொரு நாள் என் கணவர் பேசியபோது சிரித்துக்கொண்டே, "கப்பலுக்குப் பேரு மாத்திட்டாங்க. பழைய பேரு வெல்டிங் வெச்ச எழுத்து. என்னைப் பலகையில தொங்கவுட்டு கிரைண்டர் போட்டு எடுக்கச் சொன்னாங்க. புதுப் பேரு சும்மா பெயிண்ட்லதான்" என்றார். எதற்கு என்று கேட்டேன். "ஓனரு மாறிட்டாராம். நமக்கு இன்னா தெரியும்?" அன்றைக்கு நானும் சிரித்தேன். மறுநாள் அக்காவிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. புதுப் பெயர் என்ன என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

நடந்தது இன்னதென்று எங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் புரிந்தது. எங்கோ ஒரு நாடு. அதன் மண்ணுக்கடியில் எண்ணெய் ஏராளம். அந்த நாட்டின்மேல் கோபம் கொண்ட பெரிய நாடுகள், அதன் எண்ணெயை யாரும் வாங்கக்கூடாது, ஏற்றக்கூடாது, அதை ஏற்றும் கப்பலுக்குக் காப்பீடு தரக்கூடாது என்று தடை போட்டிருந்தன. தடை இருந்தாலும் விற்பனை நிற்கவில்லை. மலிவாகக் கிடைத்தால் வாங்க ஆள் உண்டு. அதற்கென்றே ஓய்ந்துபோன கப்பல்கள் ஓடிக்கொண்டிருந்தன. இருக்கும் இடத்தைச் சொல்லும் கருவியை அணைத்துவிடுவார்கள். நடுக்கடலில் இன்னொரு கப்பலோடு ஒட்டி நின்று குழாய் போட்டு எண்ணெயை மாற்றிக்கொள்வார்கள். பெயரை மாற்றுவார்கள், கொடியை மாற்றுவார்கள். கப்பலில் வேலைக்கு ஏறுகிறவர்களிடம் இதையெல்லாம் யாரும் சொல்வதில்லை. பாய்க்கும் ஏறிய பிறகுதான் சந்தேகம் தட்டியிருக்கிறது. நடுக்கடலில் சந்தேகம் வந்தால் எங்கே இறங்குவது?

பள்ளியில் நான் வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்த காலை வேளையில் அக்கா கூப்பிட்டார். "நியூஸ் பாரு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். கைப்பேசியில் பார்த்தேன். ஹெலிகாப்டரிலிருந்து கயிறு தொங்க, துப்பாக்கி மாட்டிய ஆட்கள் ஒரு கப்பலின்மேல் சறுக்கி இறங்கினார்கள். கேமரா கப்பலின் முன்பக்கத்தைக் காட்டியது. துருப்பிடித்த தகட்டில் ஓர் இடம் மட்டும் வழவழவென்று தேய்க்கப்பட்டு, அதன்மேல் வெள்ளை பெயிண்டில் அந்தப் புதுப் பெயர். தேய்த்த கை யாருடையது என்று அந்த வகுப்பறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். பிள்ளைகள் "உள்ளேன் டீச்சர்" சொல்லக் காத்துக்கொண்டிருந்தார்கள். நான் மீதிப் பெயர்களையும் வாசித்து முடித்தேன்.

அந்தச் செய்தி தொலைக்காட்சியில் அன்று ஒருநாள் ஓடியது. மறுநாள் வேறு செய்தி. எங்களுக்குத்தான் அது முடியவில்லை. கப்பலை ஏதோ ஒரு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிறுத்தி, வழக்கு முடியும்வரை யாரும் இறங்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். முதலாளி யார் என்று தேடினால் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு விலாசம் நீண்டதே தவிர ஆள் அகப்படவில்லை. வேலைக்கு அனுப்பிய சென்னை ஏஜென்ட் அலுவலகம் பூட்டிக் கிடந்தது. நானும் அக்காவும் மனு எழுதிக்கொண்டு அலைந்தோம். ஓர் அலுவலகத்தில் மனுவைப் படித்துப் பார்த்த அதிகாரி அம்மா, "எந்த ஆயிலு, கடலை எண்ணெயா?" என்று கேட்டார். அக்கா பொறுமையாக விளக்கினார். வெளியே வந்து இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு எங்கேயோ தடம் மாறி, பேருந்து நிலையத்தில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றோம்.

ஊரில் பேச்சு வேறு மாதிரி இருந்தது. சக ஆசிரியை ஒருவர் சாப்பாட்டு வேளையில், "உங்க வூட்டுக்காரரு எண்ணெ கடத்தினாராமே?" என்று இயல்பாகக் கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதற்குப் பிறகு நான் டப்பாவை எடுத்துக்கொண்டு வகுப்பறையிலேயே சாப்பிட ஆரம்பித்தேன். எங்கள் வீட்டு வாசலில் கல்குவாரி லாரிகள் விடியற்காலையிலிருந்து ஜல்லி ஏற்றிக்கொண்டு போகும். அந்த டீசல் புகையை முகர்ந்துகொண்டே கோலம் போடுவேன். இதுவும் எண்ணெய்தானே, இது எந்த நாட்டு மண்ணிலிருந்து வந்தது, யார் கேட்கிறார்கள் என்று தோன்றும். சொல்ல ஆளில்லை. உத்திரமேரூர் வட்டாரத்திலேயே அந்தத் தடையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருந்த வீடுகள் இரண்டுதான். ஆகவே சாயங்காலம் ஆனால் அக்காவின் கடை. பெயிண்ட் டின் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். பெரும்பாலும் பேசமாட்டோம். அவர் ஆணி நிறுப்பார், குழாய் அளந்து அறுக்கச் சொல்வார், இடையில் டீ வரவழைப்பார். காவலர்கள் அனுமதித்தால் எப்போதாவது கப்பலிலிருந்து அக்காவின் கைப்பேசிக்கு அழைப்பு வரும். வாடிக்கையாளர் நிற்கும்போதே பேசிவிட்டு வைக்க வேண்டியதுதான். அக்கா முதலில் என் கணவரைப் பேசச் சொல்லி என் கையில் கைப்பேசியைக் கொடுப்பார். மீதி நேரம்தான் அவருக்கு.

பல மாதங்கள் இப்படிப் போயின. ஒருநாள் மாலை அழைப்பு வந்தபோது வழக்கம்போல் என்னிடம் நீட்டவில்லை. பாய் ஏதோ நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா எழுந்து, பிவிசி குழாய்கள் அடுக்கியிருந்த பின்கட்டுக்குப் போய் எனக்கு முதுகைக் காட்டி நின்றார். "உம்" என்றார். மறுபடி "உம்." கடைசியில், "என்னை இன்னாத்துக்குக் கேக்குறீங்க? அன்னைக்கே அவங்க வூட்டுக்குப் போயி நான் வாய் வுட்டுச் சொல்லிட்டு வந்துகீறேன்ல? தம்பியவே அனுப்புங்க" என்றது கேட்டது. அப்போது எனக்கு அது என்னவென்று விளங்கவில்லை. திரும்பி வந்தவர் ஒரு டின்னின் மூடியைத் தட்டி இறுக்கிக்கொண்டே, "உங்க வூட்டுக்காரரு வராரு. சீக்கிரம் அனுப்பிடுவாங்களாம்" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "பாய்?" என்று கேட்டேன். "பின்னால வருவாரு. நீ பஸ்ஸ வுட்டுடாத, போ" என்றார்.

என் கணவர் வந்து சேர்ந்தார். பாதி உடம்பாக இருந்தார். மகள் முதலில் அவரிடம் போகவில்லை. அவர் குளித்துச் சாப்பிட்டுக் கொஞ்சம் தெளிந்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். ஆட்களைக் குறைத்துக்கொள்ள நீதிமன்றம் அனுமதித்துவிட்டது. ஆனால் எண்ணெய் நிரம்பிய கப்பலை அப்படியே விட்டுவிட முடியாது. ஜெனரேட்டர் ஓட வேண்டும். வயதான சீஃப் இன்ஜினியரோடு என்ஜின் அறைக்கு இன்னும் ஒரு கை தேவை. பாய் அல்லது இவர், இருவரில் ஒருவர் வீட்டுக்குப் போகலாம். "அவரு போறேன்னு சொல்லியிருந்தா நான் ஒரு வார்த்த பேசியிருக்க முடியாது. அக்காவக் கேட்டுட்டுச் சொல்றேன்னாரு. கேட்டுட்டு வந்து, நீ பையக் கட்டுன்னாரு" என்றார். சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் இருவரும் பழம் வாங்கிக்கொண்டு கடைக்குப் போனோம். அக்கா என் கணவரை உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். பாய் அறையில் மின்விசிறி ஓடுகிறதா. மாற்றிக்கொள்ளச் சட்டை இருக்கிறதா. நோன்பு வைத்தாரா, என்ன வைத்துத் திறந்தார். என் கணவர் தலைகுனிந்தபடி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். நன்றி என்று ஏதோ ஆரம்பித்தபோது அக்கா கையைக் காட்டி நிறுத்திவிட்டார். கிளம்பும்போது என்னை மட்டும் கூப்பிட்டு, படிக்கட்டில் நின்றபடி சொன்னார்: "தப்பா எடுத்துக்காத. நான் பண்ணது சரிதான். இன்னொரு தபா கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனா உன்னப் பாத்தா எனக்கு வவுறு எரியுது. எனக்கே அது புடிக்கல. கொஞ்ச நாளைக்கி நீ இங்க வராத."

நான் சரி என்றேன். பேருந்தில் என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் தோள் என் தோளில் இடித்துக்கொண்டிருந்தது. அத்தனை மாதம் அதற்காகத்தான் ஏங்கினேன். அப்படியும், கப்பல் பிடிபட்ட நாளில்கூட நான் அவ்வளவு தனியாக இருந்ததில்லை என்று பட்டது.

அதன்பிறகு உத்திரமேரூரில் ஒரு பேருந்திலிருந்து இறங்கி நேராக அடுத்த பேருந்துக்குப் போய்விடுவேன். கடை பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. வீட்டில் என் கணவர் இருந்தும் இல்லாததுபோல இருந்தார். வெல்டிங் வேலை வந்தால் செய்வார். இல்லையென்றால் பாலாற்று மணலில் போய் உட்கார்ந்திருப்பார். அங்கே கப்பலில் சீஃப் இன்ஜினியருக்கு உடம்பு முடியாமல் கரைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கேப்டனுக்கு மாற்று ஆள் வந்தார். மேல்தளத்தோடு சரி, கீழே இறங்க மாட்டாராம். என்ஜின் அறையில் பாய் ஒருவர்தான். காவலுக்கு இருந்தவர்களின் பாஷை அவருக்குத் தெரியாது. சில நாள் என் கணவரை அழைப்பார். கப்பலைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டாராம். "இன்னா தம்பி, அங்க மயை பெஞ்சுதா? ஏரி ரொம்பிச்சா?" என்றுதான் கேட்பாராம். இவர் வண்டியை எடுத்துக்கொண்டு உத்திரமேரூர் ஏரிக்கரைக்குப் போய், தண்ணீரையும் கொக்குகளையும் காற்றில் சாயும் கோரையையும் படம் பிடித்து அனுப்புவார். அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தால் அன்று முழுக்கப் பேசமாட்டார். ஒருநாள் மட்டும், "அவருக்கு இருட்டுல ஜெனரேட்டர் சத்தம்தான் தொண. அதுகிட்டயே பேசிக்கினு இருப்பாரு" என்றார்.

வழக்கு ஒருவழியாக முடிந்தது. எண்ணெயை உறிஞ்சி எடுத்து ஏலம் விட்டார்கள். தடை செய்யப்பட்ட எண்ணெய் நீதிமன்ற உத்தரவு கிடைத்ததும் நல்ல எண்ணெயாகிவிட்டது. யார் வீட்டு அடுப்பிலோ யார் வண்டியிலோ எரிந்து முடிந்திருக்கும். கப்பலை உடைக்க அனுப்பிவிட்டார்கள். பாய் வீடு திரும்பினார். விமான நிலையத்துக்கு என் கணவர் போயிருந்தார். இரைச்சலிலேயே கிடந்து பாய்க்கு ஒரு காது அடைத்துப்போய்விட்டது என்றும், காரில் வரும்போது ஏரி எங்கே, ஏரி எங்கே என்று கேட்டுக்கொண்டே வந்தார் என்றும் சொன்னார். அக்கா கூப்பிடுவார் என்று நான் காத்திருந்தேன். அழைப்பு வரவில்லை. ஒரு வாரம் பார்த்தேன், ஒரு மாதம் பார்த்தேன். பிறகு எதிர்பார்ப்பதை விட்டுவிட்டேன்.

போன கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம், பிள்ளைகள் தண்ணீர் குடிக்கும் குழாய் ஒழுகியது. தலைமையாசிரியர் வாஷர் வாங்கிவரச் சொன்னார். கடைவீதியில் வேறு கடைகளும் இருந்தன. கால் அங்கேதான் போனது. அக்கா கல்லாவில் இருந்தார். தலையில் போட்டிருந்த துப்பட்டாவுக்கு வெளியே தெரிந்த முடியெல்லாம் நரைத்திருந்தது. உள்ளே பாய் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா வோணும்?" என்றார் அக்கா, மற்றவர்களிடம் கேட்பதுபோலவே.

"அரை இஞ்ச் டேப்புக்கு வாஷரு, அக்கா. ஸ்கூலுக்கு."

எடுத்துக் காகிதத்தில் மடித்து என் முன்னால் வைத்தார். நான் அதை எடுக்காமல் நின்றேன்.

"நல்லா கீறியா? பொண்ணு படிக்கிறாளா?" என்றார்.

"நல்லா கீறோம் அக்கா."

அவர் தராசுத் தட்டைத் துணியால் துடைத்தார். அதில் அழுக்கு ஒன்றுமில்லை. பிறகு என்னைப் பார்க்காமலே, "உன்ன வராதன்னு சொன்னேன்" என்றார்.

"ஆமா அக்கா."

"சொன்னா, நெஜமாவே வராம பூட்டியே. உங்க இஸ்கூல் பக்கத்து பஸ்ஸு இங்கதான் நிக்குது. தெனம் எறங்குவ. இப்ப வருவா, இப்ப வருவான்னு பாத்துக்கினே இருப்பேன். நீ நேரா அடுத்த பஸ்ஸுக்குப் போயிடுவ."

"நீங்க கூப்டுவீங்கன்னு இருந்தேன் அக்கா" என்றேன்.

"கூப்டத்தான் நெனப்பேன். வாய் வரல" என்றார். அதற்குள் ஒருவர் வந்து குழாய் வளைவுக்கு எல்போ இருக்கிறதா என்று கேட்க, அவர் எழுந்து பின்கட்டுக்குப் போனார். பாய் செய்தித்தாளை இறக்கி என்னைப் பார்த்துவிட்டு, காது கேளாதவர்களுக்கு வரும் உரத்த குரலில், "டீச்சரா? உக்காரும்மா, ஏன் நிக்கிற?" என்றார். நான் உட்கார்ந்தேன். என் பேருந்து வந்து நின்று ஒலி எழுப்பிவிட்டுக் கிளம்பிப் போனது.

இப்போது வாரத்தில் இரண்டு மூன்று நாள் போகிறேன். அந்த நாட்கள்போல இல்லை. அப்போது எங்களுக்குச் சேர்ந்து காத்திருக்க ஒன்று இருந்தது, இப்போது இல்லை. பேச்சு சில நாள் வரும், சில நாள் வராது. வராத நாளில் அவர் வேலையை அவர் பார்ப்பார், நான் பிள்ளைகளின் தேர்வுத்தாளைத் திருத்துவேன். உள்ளே பாய் பனிக்காலத்திலும் மின்விசிறியை ஓடவிட்டுத் தூங்குவார். சத்தம் நின்றால் விழித்துக்கொள்கிறார் என்று யாரும் அணைப்பதில்லை. என் பேருந்து வந்ததும் நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்திருப்பேன். அக்கா நிமிர்ந்து பார்க்காமல், "அடுத்த பஸ்ஸுல போயேன்" என்பார்.